மேடைச் சத்தத்துக்கு முன் காலைக் குழாயைக் கவனியுங்கள்

கேள்வி: திண்டுக்கல் பக்கம் ஒரு பேரூராட்சியில் இருக்கிறோம். எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குப் பங்குனியில் மூன்று நாள் திருவிழா. கோயில் முன்னால் இருக்கும் பொட்டலில் மேடை போட்டு இரவில் இன்னிசைக் கச்சேரி நடத்துவோம். போன வருடம் மேடைக்குப் பின்வீட்டுக்காரர் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். அவர் மகள் பிளஸ் டூ படிக்கிற பெண். பத்தேகாலுக்கு இன்ஸ்பெக்டர் வந்து கச்சேரியைப் பாதியில் நிறுத்தினார். அதிலிருந்து தெரு இரண்டாக நிற்கிறது. இந்த வருடம் அந்த வீட்டில் வரி வாங்குவதா வேண்டாமா என்று பேச்சு போகிறது. கச்சேரியையும் விடாமல், பகையும் வளராமல் நடத்த முடியுமா? (விழாக் கமிட்டி உறுப்பினர் ஒருவர்)

பதில்: முடியும். வரி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம்: வாங்குங்கள். போன் செய்ததற்காக ஒரு வீட்டை ஒதுக்கி வைத்தால், அடுத்த முறை அவர் போலீசுக்குப் போக மாட்டார், கோர்ட்டுக்குப் போவார். அங்கே உங்கள் பக்கம் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

ஏன் இல்லை என்று பார்த்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. 2010 திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவிகளும் இதில் அடக்கம். சமய, பண்பாட்டு விழாக்களுக்காக வருடத்தில் மொத்தம் 15 நாளுக்கு மிகாமல் 12 மணி வரை தளர்த்தலாம். ஆனால் அப்படித் தளர்த்தும் அதிகாரம் மாநில அரசுக்குத்தான். கமிட்டிக்குக் கிடையாது, "சரி சரி, பார்த்து நடத்துங்க" என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போகும் ஏட்டையாவுக்கும் கிடையாது. பகல் நேரத்துக்கே எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும்.

"சாமி காரியத்தை யார் தடுப்பது?" என்று கமிட்டியில் ஒருவராவது கேட்பார். சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு ஜெபக்கூடத்தின் ஒலிபெருக்கிச் சத்தத்தையும் மேளச் சத்தத்தையும் எதிர்த்து அங்கே குடியிருப்போர் நலச் சங்கம் போட்ட வழக்கு, உச்ச நீதிமன்றம் வரை போனது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000 ஆகஸ்டில் தீர்ப்பானது. கோயில், பள்ளிவாசல், சர்ச் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பதில் அது.

அளவு என்ன? குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு), இரவில் 45. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் இதற்கு மேல் 10 டெசிபல் வரை போகலாம். அதாவது உங்கள் பொட்டலின் ஓரத்தில் பத்து மணிக்கு முன்பு 65. வெளிப்படையாகச் சொல்கிறேன், டிரம்ஸும் கீபோர்டும் வைத்து நடக்கும் கச்சேரியைச் சின்னப் பொட்டலில் 65-க்குள் அடக்குவது கடினம். ஆனால் இப்போது நடக்கிற முறைக்கும் அந்த 65-க்கும் நடுவே இறங்குவதற்கு நிறைய இடம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் போனை எடுப்பதும் எடுக்காமல் விடுவதும் அந்த இடத்தில்தான் முடிவாகிறது.

மேடையைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போன வருடம் மூன்று நாளும் எந்தெந்த நேரத்தில் ஸ்பீக்கர் ஓடியது, அப்போது எதிரே யார் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் கணக்கு இப்படித்தான் வரும்: காலை ஐந்து மணிக்குக் குழாய் ஸ்பீக்கரில் பக்திப்பாட்டு, கேட்க யாருமில்லை. பதினொரு மணியிலிருந்து சாயங்காலம் வரை தெருக்கம்பம் தோறும் கட்டிய குழாயில் பாட்டு, பந்தலடியில் மைக்செட் பையன் மட்டும் தூங்கிக்கொண்டிருப்பான். ஜனம் உட்கார்ந்து கேட்பது ராத்திரி இரண்டரை மணி நேரம். மீதி நேரச் சத்தம் யாருக்காகவும் இல்லை, வாடகைக்கு எடுத்தாயிற்றே என்பதற்காக. பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணுக்கும், ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவருக்கும் பொறுமை போவது அந்த வெட்டி நேரத்தில். கச்சேரி தொடங்கும்போதே அவர்கள் கோபத்தின் உச்சியில் இருக்கிறார்கள்.

ஆகவே முதல் வெட்டு அங்கே. கம்பத்துக் குழாய்களை இறக்கிவிடுங்கள். கூம்பு ஒலிபெருக்கி கூடாது என்ற நிபந்தனை போலீஸ் அனுமதிக் கடிதத்திலேயே பெரும்பாலும் இருக்கும், நாம்தான் படிப்பதில்லை. காலைப் பாட்டு ஆறு மணிக்கு மேல், சன்னதி முன்னால் ஒரு சின்னப் பெட்டியில் ஒலித்தால் போதும். பகலில் பூசை நேரத்துக்கும் அறிவிப்புக்கும் மட்டும் மைக். இதைச் செய்துவிட்டு, "ராத்திரி ரெண்டரை மணி நேரம் பொறுத்துக்கங்க" என்று கேட்டால் கேட்பதில் நியாயம் இருக்கும்.

இனி மேடை. பொட்டலின் கடைசி வரிசை மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே 80 டெசிபல் கேட்க வேண்டுமானால், மேடைப் பெட்டிகள் 10 மீட்டரில் 95-க்கு மேல் தள்ள வேண்டும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது 6 டெசிபல்தான் குறையும். 10 மீட்டரில் 95 என்றால் 20-இல் 89, 40-இல் 83, 80-இல் 77, 160-இல் 71. 65-க்கு வர 320 மீட்டர் போக வேண்டும். இரண்டு பக்கமும் சுவர் உள்ள நேர்த் தெருவில் அந்த அளவுகூடக் குறையாது. மேடையில் மட்டும் பெட்டியை அடுக்கிக் கடைசி ஆள் வரை எட்டச் செய்கிற வழக்கமான முறையில், முன் வரிசைக்குக் காது அடைக்கும், நாலு தெரு தள்ளியும் பாட்டு கேட்கும்.

இதற்கு மாற்று வழி, மேடைப் பெட்டிகளை முன் 20 மீட்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, 20-ஆவது, 40-ஆவது மீட்டரில் சின்னப் பெட்டிகளை ஸ்டாண்டில் நிறுத்துவது. அவற்றைக் கூட்டத்தை நோக்கிச் சற்றுக் கீழே சாய்க்க வேண்டும். மேடை இப்போது 10 மீட்டரில் 86 தந்தால் போதும். 9 டெசிபல் இறங்கியிருக்கிறது. காதுக்கு ஏறத்தாழப் பாதிச் சத்தம். பின்பெட்டிகளுக்கு மட்டும் மீட்டருக்குச் சுமார் 3 மில்லிசெகண்ட் தாமதம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டு இரட்டையாகக் கேட்கும். இப்போதைய டிஜிட்டல் மிக்சர் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இருக்கிறது. உங்கள் மைக்செட்காரர் "அதெல்லாம் வேண்டாம்ணே, நான் பார்த்துக்கறேன்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்தது பேஸ், அதாவது டிரம்ஸின் 'தம் தம்' போன்ற தாழ்ந்த ஒலி. என் அனுபவத்தில் அண்டை வீட்டுப் புகாரில் பெரும்பங்கு இதைப் பற்றித்தான், ஆனால் அவர்கள் அதை "சத்தம்" என்று மட்டும் சொல்வார்கள். ஜன்னல் அதிருகிறது, நெஞ்சில் இடிக்கிறது, சுவரிலிருந்து வருகிறது என்றால் அது பேஸ். 63 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் ஐந்தரை மீட்டர். அதற்கு வீட்டுச் சுவரும் கதவும் ஒரு பொருட்டே அல்ல. பாடகர் குரல் போல அது முன்பக்கம் மட்டும் போவதும் இல்லை, பேஸ் பாக்ஸுக்குப் பின்னாலும் ஏறத்தாழ அதே அளவு போகும். உங்கள் புகார்தாரர் வீடு மேடைக்குப் பின்னால் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கூட்டத்துக்குப் போகும் பாட்டு அவருக்குத் தெளிவாகக் கேட்காது, இடி மட்டும் போய்ச் சேரும். இன்னொரு சிக்கல், ஒலி மீட்டரில் சாதாரணமாக அளக்கும் ஏ-அளவுகோல் (தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் கணக்கிடும் முறை) 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். மீட்டரில் எண் குறைவாக இருக்கும், வீட்டில் பாத்திரம் ஆடும். தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சி-அளவுகோலிலும் பாருங்கள்.

செய்ய வேண்டியது: பேஸ் பாக்ஸ்களை எந்தச் சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள், சுவர் அதைக் கூட்டிக் காட்டும். மேடையின் இரு பக்கமும் பிரித்து வைக்காமல் நடுவில் தரையில் சேர்த்து வையுங்கள். மூன்று இருந்தால் நடுவில் உள்ளதைப் பின்பக்கமாகத் திருப்பி, அதற்கு மட்டும் பொலாரிட்டி மாற்றி (ஒலி அலையைத் தலைகீழாக்கி), சரியான தாமதம் கொடுத்தால் பின்னால் போகும் இடி பெருமளவு அறுபடும். இதைக் கார்டியாய்ட் அமைப்பு என்பார்கள். விவரம் தெரிந்த சவுண்ட் என்ஜினியர் அரைமணி நேரத்தில் செய்துவிடுவார். தெரியாதவர் கையில் விட்டால் முன்பக்கம் பேஸ் காணாமல் போகும், ஆகவே கேட்டுத் தெரிந்துகொண்டு அமர்த்துங்கள். முடியாவிட்டால் பேஸ் பாக்ஸை எண்ணிக்கையில் குறையுங்கள். மேடையையே எதிர்ப்பக்கம் திருப்பிப் போட இடம் இருந்தால் அதையும் யோசியுங்கள். அந்தப் பக்கம் பள்ளிக்கூட மைதானமோ வயலோ இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

சாயங்காலம் நாலு மணிக்குச் சோதித்துவிட்டு "எல்லாம் சரி" என்று விட்டுவிடாதீர்கள். பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்து மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக நிற்கும். அந்த அமைப்பில், மேலே போய் மறைய வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கித் தூரத்து வீடுகளிலும் விழும். போதாக்குறைக்கு ஊரும் அடங்கிவிடும். எனவே எட்டரை மணிக்கு ஒருவர் மீட்டரோடு பொட்டலின் நாலு ஓரமும், பின்வீட்டு வாசலும் சுற்றிவர வேண்டும். போன் செயலிகள் எல்லாம் நம்பத் தக்கவை அல்ல. ஐபோனில் அமெரிக்க அரசின் நியோஷ் நிறுவனம் இலவசமாகத் தரும் ஒலி அளவு செயலி பரவாயில்லை.

பின்வீட்டுக்காரரிடம் போவது அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு, திருவிழாவுக்கு ஒரு வாரமாவது முன்பு. கும்பலாகப் போகாதீர்கள், இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் நல்லது. "போன வருஷம் ஏன் போன் பண்ணீங்க" என்று ஆரம்பித்தால் போன காரியம் கெட்டது. "பாப்பாவுக்கு எந்தெந்தத் தேதி பரீட்சை?" என்று கேளுங்கள். பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் வருகிறது, பத்தாம் வகுப்பு அதை ஒட்டி. பங்குனித் திருவிழாவோடு மோதாமல் இருந்தால்தான் அதிசயம். சாமி சாட்டும் தேதியை மாற்ற முடியாது. ஆனால் எந்த இரவு முழு இசைக்குழு, எந்த இரவு பட்டிமன்றம், எந்த இரவு வள்ளித்திருமணம் என்று இடம் மாற்றலாம். மறுநாள் பரீட்சை உள்ள இரவுக்குப் பட்டிமன்றத்தைப் போடுங்கள், அதற்குப் பேஸ் வேண்டியதில்லை. முடிவு நேரத்தையும், எடுத்துப் பேசக்கூடிய ஒருவரின் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதிச் சுற்றியுள்ள எல்லா வீட்டுக்கும் கொடுங்கள், அவருக்கு மட்டும் கொடுத்தால் குத்திக்காட்டுவது போல் ஆகும். அந்தப் போனை வைத்திருப்பவர் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் மணி கேட்காது, தள்ளி நிற்கட்டும்.

கடைசியாக, பத்து மணி ஏன் பத்தேகால் ஆகிறது என்று பாருங்கள். இசைக்குழு மேல் தப்பில்லை. ஏழு மணிக் கச்சேரி எட்டரைக்குத் தொடங்கும், காரணம் பொன்னாடையும் வரவேற்புரையும் நன்கொடையாளர் பெயர் வாசிப்பும். அதையெல்லாம் ஆறு மணிக்கு வையுங்கள். இசைக்குழுவுக்கு முன்பணம் கொடுக்கும்போதே, கடைசிப் பாட்டு 9.45-க்கு என்று எழுதி வாங்குங்கள். மைக்செட்காரரிடமும், 9.55-க்கு மெயினை இறக்கிவிட வேண்டும், கமிட்டித் தலைவரே மேடையேறி "இன்னும் ஒரே ஒரு பாட்டு" என்று கேட்டாலும் ஏற்றக் கூடாது என்று தலைவரை வைத்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.