திறந்தவெளியில் வீடுகளா? எதிர்ப்பு எப்படி எடுபடும்?

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பகுதியில் பல ஆண்டுகளாகத் திடலாகவும் நடைபயிற்சிக்கான இடமாகவும் இருந்துவரும் திறந்தவெளியின் நிலப் பயன்பாட்டை மாற்றி, அங்கே அடுக்குமாடி வீடுகள் கட்டப்போவதாக அறிவிப்பு வந்திருக்கிறது. எதிர்ப்பவர்களைச் சுயநலக்காரர்கள் என்கிறார்கள். எங்கள் எதிர்ப்பு நியாயமானதுதானா? அதை எப்படித் தெரிவிப்பது?

பதில்: நியாயமானதுதான், அதைச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை. மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கும் திடலுக்கும் ஒதுக்கப்படும் நிலம், விற்காமல் மிஞ்சிப்போன நிலம் அன்று. சுற்றிலும் எத்தனை வீடுகள் வரும், எத்தனை பேர் வாழ்வார்கள் என்பதையெல்லாம் கருதியே அது விடப்படுகிறது. அதை நம்பித்தான் மக்களும் அங்கே குடியேறுகிறார்கள். அதே இடத்தில் மேலும் வீடுகள் எழும்பும்போது திறந்தவெளி குறைகிறது, எஞ்சியதைப் பகிர்ந்துகொள்ள வேண்டியவர்களின் எண்ணிக்கையோ கூடுகிறது. இந்த இரட்டை இழப்பைத்தான் உங்கள் எதிர்ப்பு முதலில் எடுத்துக்காட்ட வேண்டும்.

இந்திய உச்ச நீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில், பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா வழக்கில் இதைத் தெளிவாகவே கூறியிருக்கிறது. பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குக் கொடுத்தது செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை அது உறுதிசெய்ததுடன், அதை எதிர்த்து வழக்குத் தொடுக்க அப்பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டது. மருத்துவமனை என்ற நல்ல நோக்கமே பூங்காவை எடுத்துக்கொள்ளப் போதுமான காரணமாகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இனி, வீடுகள் வேண்டாமா என்ற கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுப் பேசினால் உங்கள் வாதம் நிற்காது. பெர்லினில், 2008-இல் மூடப்பட்ட டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தின் சுமார் 300 ஹெக்டேர் வெளியில், ஓரப் பகுதிகளில் மட்டும் ஏறத்தாழ 4,700 வீடுகள் கட்ட நகர அரசு திட்டமிட்டது. 2014-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 64 விழுக்காட்டினர் வெளி முழுவதும் அப்படியே இருக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள். வீட்டுப் பற்றாக்குறையைச் சுட்டிக்காட்டி அந்த விவாதத்தை இன்றும் சிலர் கிளப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே வீடுகளின் தேவையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பயன்படாமல் கிடக்கும் கட்டடங்களையும் ஏற்கெனவே குடியிருப்புக்கென வகைப்படுத்தப்பட்ட காலி மனைகளையும் மாற்று இடங்களாகக் குறிப்பிடுங்கள். ஏழைகள் இங்கே குடிவரக் கூடாது என்ற தொனி எந்த வரியிலும் தலைகாட்டக் கூடாது. அது அறமற்றது, வழக்கையும் கெடுக்கும். உண்மையில், ஓரிரு அறைகளில் நெருங்கி வாழும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் அந்தத் திடல் மிகவும் தேவை. வீட்டுக்குள் இடமில்லாதவர்களுக்கு வெளியிலும் இடமில்லாமல் செய்வதை வீட்டுவசதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆட்சேபணையைக் கடைசித் தேதிக்குள் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். ஒரே வாசகத்தில் நூறு பேர் கையெழுத்திட்ட மனுவைவிட, அவரவர் அனுபவத்தை அவரவர் எழுதிய இருபது மனுக்களுக்குக் கனம் அதிகம் என்பது என் கருத்து. நிலத்தின் சர்வே எண், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகல், காலையிலும் மாலையிலும் அங்கே யார் யார் எதற்காக வருகிறார்கள் என்ற குறிப்பு ஆகியவை வேண்டும். பெருமழைக்குப் பின் தெருத் தண்ணீர் அந்த மண்ணில் வடிவதைத் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள். கான்கிரீட் தளம் வந்தபின் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். அடுத்த பூங்கா எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். குறைந்தது அரை முதல் ஒரு ஹெக்டேர் பரப்புள்ள பசுமைவெளி, வீட்டிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 2017-இல் சொன்ன பொது அளவு.

நேரில் விசாரணை வேண்டும் என்பதையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள். இறுதி ஆணை வந்ததும், நீங்கள் முன்வைத்த ஒவ்வொரு காரணத்துக்கும் அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் கூறாமலே நிராகரித்திருந்தால், நீதிமன்றத்தில் நீங்கள் முதலில் எடுத்துவைக்க வேண்டியது அந்தக் குறையைத்தான்.