ஜப்பானில் தனித் தீவில், பாரம்பரிய வீடுகளாகக் கட்டிய சொகுசு விடுதியில் தங்கிய அனுபவம் உண்டா? கொடுக்கிற பணத்துக்குத் தகுமா?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சும்மாதான் இருந்தேன். ஏற்கெனவே வந்திருந்த பதில்களில் ஒருவர், "அந்தக் காசுக்குத் தாய்லாந்தில் பத்து நாள் இருந்துவிட்டு வரலாம்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். இருந்துவிட்டு வரலாம் சார், யார் வேண்டாம் என்றது?

கேட்டவர் என்னைப் போல ஜப்பானில் வேலை பார்ப்பவர், ஊரிலிருந்து அம்மா அப்பா வரப்போகிறார்கள், எங்காவது நல்ல இடமாகக் கூட்டிப்போக ஆசை, ஆனால் விலையைப் பார்த்துத் தயங்குகிறார் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். தேனிலவுக்காகக் கேட்டிருந்தால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்கு ஆகாது.

நான் போனது ஒகினாவா மாகாணத்தின் தென்கோடியில் இருக்கும் தாகெதோமி தீவுக்கு. டோக்கியோவிலிருந்து இஷிகாகி தீவுக்கு விமானத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இஷிகாகியிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர், தைவானோ 300-க்குள். இஷிகாகியிலிருந்து தாகெதோமிக்குப் படகில் பத்து, பதினைந்து நிமிடம். தீவின் பரப்பு ஐந்தரை சதுர கிலோமீட்டர்கூட இல்லை. சுற்றிவந்தால் ஒன்பது கிலோமீட்டர். குடியிருப்பவர்கள் சுமார் 350 பேர். விடுதியின் பெயரைச் சொன்னால் விளம்பரம் என்பார்கள், அதனால் சொல்லவில்லை. இரவுக்கு ஒரு லட்சம் யென்னுக்கு மேல் ஆனது. இரண்டு இரவு தங்கினோம், நானும் அம்மாவும். இது பணக்காரத் திமிர் என்று எழுத வருபவர்களுக்கு: டோக்கியோவின் நிஷிகசாயில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறேன், மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிறேன், இதற்காக ஒன்றரை வருஷம் தனியாக எடுத்துவைத்தேன். அம்மாவுக்கு விசா கிடைத்தது 90 நாளைக்கு. அதில் 80 நாள் என் சமையலறை ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒன்று. "பாரம்பரிய ஜப்பானிய வீடு" என்றதும் கியோத்தோ படங்களை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது ரியுக்யு வீடு. ரியுக்யு என்பது இந்த ஒகினாவாத் தீவுகளை ஆண்ட பழைய அரசு. 1879-இல் ஜப்பான் தன்னோடு இணைத்துக்கொள்ளும் வரை அது தனி. வீட்டின் சாயலும் தனி. ஒரே தளம், சிவப்பு ஓடு, ஓட்டின் இடுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு, கூரைமேல் சிங்கம் போல ஒன்று உட்கார்ந்திருக்கும், அதற்கு ஷீசா என்று பெயர். வீட்டைச் சுற்றிச் சாந்து வைக்காமல் பவளக்கல்லை அடுக்கியே எழுப்பிய சுவர். வீடுகள் தெற்குப் பார்த்தவை, கோடையில் அங்கிருந்துதான் காற்று வருமாம். உள்ளே பாய் விரித்த தரை. தொலைக்காட்சி கிடையாது. பழைய வீடு என்றும் ஏமாறவேண்டாம். விடுதி 2012-இல் வந்தது, எல்லாமே புதிதாகக் கட்டியவை. ஆனால் ஊருக்குள் இருக்கும் வீடுகளின் அளவிலேயே, அதே ஓட்டில், அதே சுவரோடு கட்டியிருக்கிறார்கள். நூறாண்டு வீடுகளைப் பார்க்கவேண்டுமானால் ஊருக்குள் நடந்து போகவேண்டும்.

அம்மா வாசலில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். நான் "எப்படி இருக்கு?" என்று கேட்கக் காத்திருந்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்: "ஓடு மாத்த இங்க ஆள் கிடைக்குறாங்களாடி?"

எங்கள் வீடு கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தது. நாட்டு ஓடு, திண்ணை, நடுவில் முற்றம். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஓடு மாற்றவேண்டும். குரங்கு ஏறி உடைத்தது, அணில் நகர்த்தியது என்று ஏதாவது இருக்கும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அப்புறம் ஒழுகியது, அப்புறம் கறையான், அப்புறம் அண்ணன் "வித்துடலாம்" என்றான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் முன்பணம் வாங்கிய பிறகுதான் எனக்குத் தொலைபேசியில் சொன்னான். இப்போது அங்கே மூன்று மாடி நிற்கிறது, அம்மா டவுனில் அண்ணனோடு இருக்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டி தூக்கி வந்த பெண்ணிடம் அம்மாவின் கேள்வியை ஜப்பானிய மொழியில் கேட்டேன். இருபத்திரண்டு வயதிருக்கும். அவள் மிகவும் பொறுப்பாக, புயலில் பறக்காமல் இருக்கத்தான் ஓட்டைச் சுண்ணாம்பு வைத்துப் பிணைப்பது, அதனால் அடிக்கடி மாற்றவேண்டியதில்லை என்றாள். கூரைமேல் இருக்கும் அந்த ஷீசாவைக்கூட முன்பெல்லாம் ஓடு வேய வந்தவர்களே, மிஞ்சிய ஓட்டுத் துண்டிலும் சுண்ணாம்பிலும் செய்து வைத்துவிட்டுப் போவார்களாம். அம்மா அதைக் கேட்டு, "நல்ல வேலைக்காரன்" என்றார். அவர் யாரையும் அவ்வளவு சீக்கிரம் பாராட்டுகிறவர் இல்லை.

வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவே குறுக்கே ஒரு குட்டைச் சுவர் இருந்தது. அதற்கு ஹின்புன் என்று பெயர். தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு வீடு நேராகத் தெரியாது, காற்றும் நேராக மோதாது, கெட்ட ஆவிகள் நேர்க்கோட்டில்தான் போகுமாம், அதனால் அவையும் முட்டித் திரும்பிவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள். அம்மாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அன்று காலை இஷிகாகி டவுனில், தெரு வந்து முட்டும் ஒரு முச்சந்திச் சுவரில் எழுத்து வெட்டிய சின்னக் கல் ஒன்றைக் காட்டி இது என்ன என்று கேட்டிருந்தார். இஷிகாந்தோ என்பார்கள், ஒகினாவா முழுக்க உண்டு. நேராக ஓடிவரும் ஆவி வீட்டுக்குள் புகாமல் தடுக்கும் கல். "தெருக்குத்துப் பிள்ளையார்னு சொல்லேன்" என்றார். இத்தனை வருஷம் ஜப்பானில் இருந்து நான் கண்டுபிடிக்காததை அவர் அரை நாளில் கண்டுபிடித்துவிட்டார்.

இரவுச் சாப்பாட்டில் சொதப்பல், அதுவும் என் தப்பு. முன்பதிவில் "இறைச்சி, மீன் வேண்டாம்" என்று எழுதியிருந்தேன். தாஷியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். உலர்ந்த சூரை மீனில் எடுக்கும் சாறு அது. சூப், குழம்பு, அவித்த காய், தொட்டுக்கொள்ளும் சோயா எல்லாவற்றிலும் இருக்கும். அவர்கள் கணக்கில் அது மீனே அல்ல, சுவை. அம்மா சுத்த சைவம். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே கீழே வைத்துவிட்டார். அன்று ஒரு லட்சம் யென் வீட்டில் வெறும் சோறும், கைப்பையிலிருந்து எடுத்த பருப்புப் பொடியும் சாப்பிட்டோம். மறுநாள் நான் நேரில் போய்ச் சொன்னதும், கொம்பு என்ற கடற்பாசியில் சாறெடுத்துத் தனியாகச் செய்து தந்தார்கள். ஒகினாவாக்காரர்கள் பாகற்காய் தின்பவர்கள், பீர்க்கங்காயும் உண்டு. தட்டில் பீர்க்கங்காயைப் பார்த்ததும் அம்மாவின் முகம் இருந்ததே! நீங்கள் சைவமாக இருந்தால் இதை மட்டுமாவது இந்தப் பதிலிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: மீன் சாறும் கூடாது, கொம்புச் சாறு போதும் என்று முன்பதிவின்போதே ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாம் நாள் காலையில்தான் வேடிக்கை. விழித்துப் பார்த்தால் அம்மாவைக் காணோம். மணி ஐந்தேமுக்கால். வெளியே சர் சர் என்று சத்தம். அந்தத் தீவில் தெருவெல்லாம் பவள மணல், வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஊர்க்காரர்கள் காலையில் எழுந்து அவரவர் வீட்டு முன்னால் பெருக்குவது வழக்கம், விடுதிச் சந்துகளிலும் அப்படியே செய்வார்கள். அம்மா எங்கிருந்தோ ஒரு துடைப்பத்தைத் தேடி எடுத்து, எங்கள் வீட்டு முன்னால் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் பெருக்கி முடித்திருந்தார். எதிரே இரண்டு பணியாளர்கள் இடுப்பு வளைய வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சுத்தமாக இல்லை என்று விருந்தாளி கோபித்துக்கொண்டதாக நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. அம்மாவும் பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போய், "எங்கள் ஊரில் வாசல் பெருக்கினால்தான் பொழுது விடியும்" என்று சொன்ன பிறகுதான் சிரித்தார்கள். வெள்ளை மணலில் கோலம் போட்டால் தெரியாதே என்பதுதான் அம்மாவுக்கு ஒரே குறை.

அப்புறம் எருமை வண்டி. ஊருக்குள் சுற்றிக்காட்ட எருமை பூட்டிய வண்டி உண்டு. ஓட்டுபவர் மூன்று நரம்பு சான்ஷினை எடுத்துப் பாட ஆரம்பித்துவிடுவார், எருமை தானாகவே முடுக்கு பார்த்துத் திரும்பும். வெள்ளை மணல் போடுவதற்கு இன்னொரு காரணத்தை அவர் சொன்னார்: நிலா வெளிச்சத்தில் ஹாபு கிடந்தால் தெரியுமாம். ஹாபு என்றால் விஷப் பாம்பு. இதை மொழிபெயர்த்திருக்கக் கூடாது. அன்று இரவு அம்மா வாசலைத் தாண்டவில்லை.

பகலில் சுற்றுலாக் கூட்டம் இருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் மாலையோடு படகு நின்றுவிடும். கூட்டமெல்லாம் இஷிகாகிக்குத் திரும்பிய பிறகு இருக்கும் அமைதிக்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள். ஊருக்குள்ளேயே மின்ஷுகு என்னும் சின்னத் தங்கல் வீடுகள் இருக்கின்றன, விடுதியோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த விலை, அதே அமைதி அங்கேயும் கிடைக்கும். நான் ஏன் அங்கே போகவில்லை என்று கேட்பீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, கட்டிலும் அறையோடு சேர்ந்த குளியலறையும் வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் வீம்பும்தான்.

வீம்பு ஏன் என்றால், இதே நாட்டில் வாடகைக்கு வீடு தேடியபோது பதினொரு வீட்டுக்குக் கேட்டு ஏழு இடத்தில் "உரிமையாளர் வெளிநாட்டவருக்குக் கொடுப்பதில்லை" என்று ஒரு தரகர் தொலைபேசியிலேயே முடித்துவிட்டார். கிடைத்த வீட்டுக்கு வைப்புத்தொகை, அதற்கு மேல் ரெய்கின் என்று உரிமையாளருக்குத் திரும்பி வராத ஒரு மாத வாடகை, உத்தரவாத நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம். வரி ஒழுங்காகக் கட்டுகிறேன், மொழி பேசுகிறேன். மாத வாடகைக்கு ஆகாத ஆள், இரவுக்கு லட்சம் யென் கொடுத்தால் மட்டும் வாசல் வரை வந்து வணங்கி அழைத்துப்போகப்படுகிறாள். இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எல்லா ஜப்பானியர்களும் அப்படியில்லை என்பதும் தெரியும்.

கிளம்புவதற்கு முந்தைய மாலை, அந்தப் பெட்டி தூக்கிய பெண் தேநீர் கொண்டுவந்தபோது அம்மா இன்னொரு கேள்வி கேட்டார். ஊர் முழுக்க இப்படியே வைத்திருக்கிறார்களே, ஒருத்தருக்குக்கூட மாடி கட்டத் தோன்றவில்லையா? அவள் தீவின் சாசனத்தைப் பற்றிச் சொன்னாள். 1972-இல் ஒகினாவா அமெரிக்காவிடமிருந்து ஜப்பானுக்குத் திரும்பிய சமயத்தில், வறட்சியிலும் புயலிலும் நொந்துபோயிருந்த தீவுக்காரர்களிடம் வெளிக் கம்பெனிகள் நிலம் வாங்க ஆரம்பித்தன. ஊர் ஒன்றுகூடி எதிர்த்தது. 1986-இல் சாசனம் எழுதினார்கள். விற்காதே, அசுத்தம் செய்யாதே, ஒழுங்கைக் குலைக்காதே, இடிக்காதே, வாழவை. அடுத்த ஆண்டு அரசாங்கமும் ஊரைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

"அப்புறம் எப்படி அங்கே விடுதி வந்தது?" என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே அவளிடம் கேட்டேன். ஊருக்கு வெளியே இருக்கும் இடம், ஊராரோடு பேசி, அவர்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் கட்டினோம் என்றாள். எனக்கு அது முழுசாகச் செரிக்கவில்லை. ஊரில் எல்லோருக்கும் செரித்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

அம்மா இதையெல்லாம் கேட்கவில்லை. "மொதல்லயே விக்காதேன்னா போட்டிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தேநீர் ஆறும் வரை ஒன்றும் பேசவில்லை. ஒரு தீவே சேர்ந்து தீர்மானம் போட்டிருக்கிறது, எங்கள் வீட்டில் நான்கே பேர்தான், எங்களால் முடியவில்லை.

தகுமா என்றால், எனக்குத் தகுந்தது. நீச்சலும் கடற்கரையும்தான் முக்கியம் என்றால் உங்களுக்குத் தகாது. அறையிலிருந்து இறங்கினால் கடல் என்பதெல்லாம் இல்லை. குளிக்கத் தோதான கடற்கரை மேற்கே இருக்கும் கொந்தோய்தான். நட்சத்திர வடிவ மணல் கிடைக்கும் கைஜி கடற்கரையில் நீரோட்டம் அதிகம், இறங்கக் கூடாது. கோடை முடிவில் புயல் வந்தால் படகு நின்றுவிடும். மே நடுவிலிருந்து ஜூன் வரை மழைக்காலம். நாங்கள் மார்ச்சில் போனோம், சட்டைக்கு மேல் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதுமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும், "ஜப்பான்ல ஒரு கிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனா, நம்ம வீடு மாதிரியே ஓட்டு வீடு, பாய்தான் விரிச்சிருந்தாங்க, வாசல்கூட நான்தான் பெருக்கினேன்" என்று சொல்லியிருக்கிறார். போன வாரம் சித்தி கூப்பிட்டார். "ஏன்டி, அவ்வளவு சம்பாதிக்கிறே, பெத்தவள ஒரு நல்ல ஹோட்டல்ல தங்கவைக்கக் கூடாதா?"