ஒரே தொட்டியில் மூன்று டாங் மீன்கள் வாங்கலாமா?

கேள்வி: அண்ணா, நான் பெரம்பூரில் இருக்கிறேன். நான்குக்கு இரண்டுக்கு இரண்டு அடியில் மெரைன் (கடல்நீர்) தொட்டி வைத்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போதைக்கு ஒரு ஜோடி நீமோ மட்டும்தான். கொளத்தூரில் ஒரு கடையில் எல்லோ டாங், டோரி, பவுடர் ப்ளூ என்று டாங் வகை வண்ணக் கடல்மீன்கள் மூன்றையும் சேர்த்து எடுத்தால் விலை குறைத்துத் தருவதாகச் சொல்கிறார்கள். "எல்லாமே குட்டி, ஒண்ணாவே வளர்ந்தா சண்டை வராது" என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. மூன்றில் ஒன்றை மட்டும் எடுங்கள், அது எல்லோ டாங்காக இருக்கட்டும்.

கடையில் டோரி இரண்டு அங்குலத்தில் இருக்கும், பார்த்தால் கையில் அள்ளிக்கொள்ளத் தோன்றும். வளர்ந்தால் அது 30 சென்டிமீட்டர் வரை போகும். உங்கள் தொட்டியின் மொத்த நீளமே 120 சென்டிமீட்டர், அதிலும் பாதியைப் பாறை பிடித்திருக்கும். கடலில் பவளப்பாறை ஓரமாக நாள் முழுக்க இரை தேடி நீந்துகிற மீனுக்கு நாலடி என்பது திரும்பித் திரும்பிச் சுவரில் முட்டுகிற இடம். டோரிக்கு ஆறடி வேண்டும். பவுடர் ப்ளூ அளவில் அதைவிடச் சிறியது, கோபத்தில் பெரியது, அதற்கும் ஐந்தாறு அடி தேவை. எல்லோ டாங் 20 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், நாலடியில் நன்றாகவே வாழும். இந்த மீன்களுக்கு லிட்டர் கணக்கைவிட நீளக் கணக்குதான் முக்கியம்.

"ஒண்ணா வளர்ந்தா சண்டை வராது" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே நாளில் விட்டால் எதுவும் 'இது என் இடம்' என்று முதலில் பிடித்து வைத்திருக்காது, அதனால் ஆரம்பத்தில் அமைதியாக இருக்கும். உடம்பு வளர வளர இடம் போதாமல் போகும்போது அந்த அமைதி உடையும். டாங் மீனின் வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி போன்ற முள் இருக்கிறது. வாலை ஒரு வீசு வீசினால் அடுத்த மீனின் விலாவில் கீறல் விழும். கீறியதைவிடத் துரத்தியே கொல்வதுதான் அதிகம்: அடிபட்ட மீன் மூலையில் ஒதுங்கி, சாப்பிடாமல், ஒரு வாரத்தில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து செத்துவிடும்.

யாரோடு யார் மோதும் என்பதை உடல் வடிவத்தை வைத்தே ஓரளவு சொல்லலாம். தட்டு மாதிரி உருண்டையாக இருப்பவை, அதாவது எல்லோ, செயில்ஃபின், ஸ்கோபாஸ், மூன்றும் ஒரே இனக்குடும்பம், ஒன்றையொன்று பொறுக்காது. பவுடர் ப்ளூவும் அதன் ஜாதியைச் சேர்ந்த மற்ற நீள்வட்ட டாங்குகளும் அப்படியே. கோலே டாங் வேறு ரகம். பாறை மேல் படிகிற மெல்லிய படலத்தைத் தூரிகை போன்ற பல்லால் சுரண்டித் தின்னும், மற்றவற்றின் தீனியில் அவ்வளவாகக் கை வைக்காது.

பின்னால் ஆறடித் தொட்டி வைக்கிற எண்ணம் இருந்தால் அப்போது மூன்று டாங் வைக்கலாம், ஒவ்வொன்றும் வேறு வடிவத்தில். டோரியும் கோலேவும் முதலில். அவை பழகி, நன்றாகச் சாப்பிட்ட பிறகு எல்லோ. இவற்றில் ஒன்றுக்குப் பதில் பவுடர் ப்ளூ வேண்டுமென்றால் அதுதான் கடைசி. முரட்டு மீனை முதலில் விட்டால் தொட்டி முழுக்க அதன் சொத்தாகிவிடும். புதிதாக வருவதை ஓட்டை போட்ட கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே நாலைந்து நாள் தொங்கவிடுங்கள். பழைய மீன் பெட்டியை முட்டுவதை நிறுத்திய பிறகு திறந்துவிடுங்கள். திறக்கிற அன்று பாறைகளைக் கொஞ்சம் மாற்றி அடுக்குவதும், தொட்டியின் வெளிப்பக்கம் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைப்பதும் உதவும். பழைய மீன் தன் பிம்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும், புதிது மூச்சு விட்டுக்கொள்ளும்.

இன்னொன்றை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த டாங்கையும் கடையிலிருந்து நேராகத் தொட்டியில் விடாதீர்கள். வெள்ளைப்புள்ளி டாங்கைத்தான் முதலில் பிடிக்கும். "குவாரன்டைன் முடிச்சதுதான்" என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி நான் ஒரு பவுடர் ப்ளூவை நேராக விட்டேன். பத்து நாளில் அதுவும் போய், கூட இருந்த நான்கு மீன்களும் போயின. மூன்று வருஷம் வளர்த்த எல்லோவும் அதில் ஒன்று. இன்றைக்கும் அது மனதில் இருக்கிறது. ஒரு சாதாரண சின்னத் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு பி.வி.சி. குழாய்த் துண்டு, புது மீனைத் தனியே வைத்துக் கவனிக்கிற தனித்தொட்டிக்கு (குவாரன்டைன்) இவ்வளவுதான் வேண்டும். குறைந்தது ஒரு மாதம் அதில் இருக்கட்டும். வெள்ளைப்புள்ளிக்குத் தாமிர மருந்து போடுவதென்றால் அங்கேதான், அதுவும் டெஸ்ட் கிட் வைத்து அளந்து. பாறையும் இறாலும் நத்தையும் இருக்கிற தொட்டியில் தாமிரம் போட்டால் இறாலும் நத்தையும் செத்துவிடும். பெரிய தொட்டியிலேயே வெள்ளைப்புள்ளி வந்துவிட்டால் மீன்களை எல்லாம் எடுத்துவிட்டு 76 நாள் மீன் இல்லாமல் விட வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கிற கணக்கு.

கடைக்குப் போனால் மீன் வந்து எத்தனை நாள் ஆகிறது என்று கேளுங்கள். நேற்று இறங்கியது என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து வாருங்கள். உங்கள் கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். தலைக்குப் பின்னால் முதுகு ஒட்டிப்போய், வயிறு குழிந்திருந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். பிடிக்கும்போது வலை வேண்டாம், வால் முள் மாட்டிக்கொள்ளும், பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு தரச் சொல்லுங்கள்.

எல்லோ டாங் ஏன் இவ்வளவு விலை என்று பலர் கேட்கிறார்கள். அது பெரும்பாலும் ஹவாய்க் கடலிலிருந்து வந்தது. 2017-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தொட்டிக்காக மீன் பிடிக்கும் அனுமதிகள் செல்லாமல் போயின, வரத்து குறைந்தது. 2015-ல் ஹவாயில் முதல்முறையாக இதைப் பண்ணையில் பொரிக்க வைத்தார்கள். பண்ணையில் வளர்ந்தது கிடைத்தால், விலை கூடுதலானாலும் அதையே எடுங்கள். அது தீனிக்குப் பழகியே வரும்.

கேள்வி: திருவொற்றியூரில் இருக்கிறேன். காசிமேட்டில் இறால் மலிவாகக் கிடைக்கிறது. டாங்குக்கு அதையே போடலாமா?

பதில்: எப்போதாவது பொடியாக நறுக்கிப் போடலாம். டாங் பாசி தின்கிற மீன். உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேர்க்காத நோரி (கடற்பாசி) தாளைக் கிளிப்பில் மாட்டித் தினமும் கொடுங்கள். இரண்டு டாங் இருந்தால் இரண்டு மூலையில் இரண்டு கிளிப். பாதிச் சண்டை அதிலேயே அடங்கும்.

கேள்வி: எண்ணூரில் கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பு வாங்கிக் கரைப்பது வீண் செலவுதானே? ராமேஸ்வரத்திலிருந்து லைவ் ராக் (கடலில் எடுத்த பவளப்பாறைத் துண்டு) கொண்டுவந்து தருவதாகவும் ஒருவர் சொல்கிறார்.

பதில்: இரண்டுமே வேண்டாம். 2017 ஜனவரியில் துறைமுகம் பக்கம் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது, 2023 டிசம்பர் மழையில் கழிமுகம் முழுக்க எண்ணெய் பரவியது, இரண்டையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரை நம்பி ஆயிரக்கணக்கில் செலவு செய்த மீனை விடாதீர்கள். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று மேல் உப்பு கரைத்து, உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பாருங்கள். பாறை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நம் கடலில் பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் குற்றம், வாங்கி வைத்திருப்பவரும் மாட்டுவார். செயற்கை உலர்பாறை வாங்கிப் பொறுமையாகப் பழக்குங்கள்.

கேள்வி: ராயபுரத்தில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு, முதல் மாடி. ஆறடித் தொட்டி வைக்கலாமா?

பதில்: பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சரி என்று சொல்லாமல் வைக்காதீர்கள். ஆறுக்கு இரண்டுக்கு இரண்டு என்றால் 680 லிட்டர், தண்ணீரே சுமார் 700 கிலோ. கண்ணாடி, பாறை, ஸ்டாண்டு சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும். இன்றைக்குக் கட்டுகிற வீட்டுத் தளத்தையே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள். உங்களுடையது மரச்சட்டத்தின் மேல் நிற்கிற தளம். தரைத்தளம் கிடைத்தால் அங்கே வையுங்கள், மழைத்தண்ணீர் ஏறுகிற தெருவாக இருந்தால் சம்ப்பையும் (தொட்டிக்குக் கீழே வைக்கிற வடிகட்டித் தொட்டி) மின் இணைப்புகளையும் உயர்த்தி வையுங்கள். தண்ணீரைக் குளிர்விக்கிற சில்லருக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். சென்னை மே மாதத்தில் 26 டிகிரி தானாக வராது. மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப்பும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: கொளத்தூரில் வாங்கிய டோரி மூன்றாம் நாள் செத்துவிட்டது. "மீனுக்கு கேரண்டி கிடையாது" என்கிறார்கள். பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் காலக்கெடு இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. ஆனால் மீன் விற்கும்போதே நோயோடு இருந்தது என்று காட்ட வேண்டியது நீங்கள். கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வாங்கிய அன்று எடுத்த வீடியோ, உங்கள் தொட்டியின் டெஸ்ட் அளவுகள். அவற்றோடு முதலில் கடைக்காரரிடம் நேரில் பேசுங்கள், பலர் பாதி விலைக்காவது இறங்கி வருவார்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அடுத்த மீன் எடுக்கும்போது மீன் பெயர், தேதி, விலை மூன்றும் எழுதிய பில் கைக்கு வந்த பிறகு பையைக் கட்டச் சொல்லுங்கள்.