சுரங்கள் திரையில் இருக்கின்றன, ஒலியைக் காணோம்!

கேள்வி: இசைத் தயாரிப்பு மென்பொருளில் நேற்றுவரை ஒலித்த பியானோ டிராக், இன்று கோப்பைத் திறந்ததும் ஊமையாகிவிட்டது. சுரங்கள் திரையில் அப்படியே தெரிகின்றன. மற்ற டிராக்குகளும் ஒலிக்கின்றன. எங்கே தேடுவது?

பதில்: மற்றவை ஒலிப்பதால் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மியூட் பொத்தானை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அனுபவசாலிகளும் அதில் ஏமாந்திருக்கிறார்கள்.

சுரங்களாகத் திரையில் தெரியும் இத்தகைய டிராக் மிடி முறையில் இயங்குகிறது. இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்வதற்காக 1983இல் வந்த இந்த முறையில் ஒலி செல்வதில்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்பன போன்ற கட்டளைகளே செல்கின்றன. ஆகவே, சுரங்கள் தெரிவதாலேயே அவற்றை ஒலியாக்கும் துணை மென்பொருளான பிளக்இன் இயங்குகிறது என்று பொருளாகாது. அந்தப் பிளக்இன்னைத் திறந்து, அதிலுள்ள விசைகளை மவுஸால் அழுத்திப் பாருங்கள். அப்போதும் ஒலிக்காவிட்டால், சாம்பிள் கோப்புகள் (பதிவுசெய்த பியானோ ஒலிகள்) இருந்த ஃபோல்டர் இடம் மாறியிருக்கவோ, டிராக்கின் அவுட்புட் வேறெங்கோ திருப்பப்பட்டிருக்கவோ வாய்ப்புண்டு. ஒலித்தால், குறை கட்டளை செல்லும் வழியில்தான் இருக்கிறது: மிடியின் 16 சேனல்களுள் (கட்டளை செல்லும் தடங்களுள்) ஒன்றில் டிராக் அனுப்ப, பிளக்இன் வேறொன்றில் காத்துக்கொண்டிருக்கலாம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்றுண்டு. மிடி கட்டுப்பாடுகளில் 7ஆம் எண் ஒலியளவுக்கும் 11ஆம் எண் எக்ஸ்பிரஷனுக்கும் (வாசிப்பின் நடுவே ஒலியை ஏற்றி இறக்குவதற்கும்) உரியவை. 0 முதல் 127 வரை செல்லும் அவற்றின் மதிப்பு பாடலின் தொடக்கத்தில் 0 எனப் பதிவாகியிருந்தால், டிராக்கின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை எவ்வளவு ஏற்றினாலும் பியானோ வாய் திறக்காது.