வேளச்சேரி வீட்டுக்கு வார்ம் ஒயிட்: கடைக்குப் போகும் முன் டியூப்லைட்டைப் பாருங்கள்

சிங்கப்பூரிலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, வேளச்சேரியில் வாடகை வீடு, அங்கே இருந்த மாதிரி வார்ம் ஒயிட் அடிக்கலாம் என்றால் பெயிண்டர் காட்டுவதெல்லாம் வெண்ணெய் மஞ்சளாக இருக்கிறது, என்ன சொல்லிக் கேட்பது என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. நான் கோலாலம்பூரிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து 17 வருஷம். வந்த வருஷமே இந்தச் சண்டையைப் போட்டு முடித்துவிட்டேன்.

பெயிண்டர் மேல் தப்பில்லை. இந்த ஊரில் வெள்ளை என்றால் நீலம் போட்ட வெள்ளை. சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள், வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே கணக்குதான், மஞ்சள் தட்டினால் பழசு என்று அர்த்தம். அதனால் "கொஞ்சம் வார்மா வேணும்" என்றதும் அவர் வெள்ளையை விட்டுவிட்டு நேரே கிரீமுக்கும் ஐவரிக்கும் போய்விடுவார். உங்களுக்கு வேண்டியது வெள்ளையேதான், உள்ளே துளி மஞ்சளும் துளி கறுப்பும். பெயரைச் சொல்லாமல் ஷேட் கார்டு நம்பரைக் கொடுத்து, கடை மெஷினிலேயே கலக்கச் சொல்லுங்கள். "ஸ்டெயினர் வாங்கிக் கொடுங்க மேடம், நானே கலந்துக்கிறேன்" என்றார் எங்கள் பெயிண்டர். ஸ்டெயினர் என்றால் வெள்ளை பெயிண்டில் கையால் கலக்கும் நிறச்சாயம். ஹாலில் பாதிச் சுவர் முடிந்து அடுத்த பக்கெட் கலந்தபோது அந்த நிறம் திரும்ப வரவே இல்லை. சீலிங்கிலும் ஒரு வார்ம் ஒயிட்டே அடியுங்கள், மேலே நீல வெள்ளை இருந்தால் கீழே எதை அடித்தாலும் மஞ்சளாகத்தான் தெரியும்.

ஆனால் ஷேடுக்கும் முன்னால் லைட். இங்கே பல வீடுகளில் மாட்டியிருப்பது 6500 கெல்வின் டியூப், அதாவது நீலம் தட்டும் வெள்ளை வெளிச்சம். இந்த எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். ஆதம்பாக்கத்தில் நான் பகல் முழுக்கப் பார்த்துப் பார்த்து எடுத்த ஷேட், ராத்திரி ஸ்விட்ச் போட்டதும் தண்ணீர் ஊற்றிய பால் மாதிரி ஆகிவிட்டது. "இதுக்கா இவ்வளவு காசு?" என்றார் மாமியார். பெயிண்டைத் தொடவில்லை. ஹாலில் 3000, சமையலறையில் 4000 கெல்வின் என்று பல்பை மாற்றினேன், சரியாகிவிட்டது. அட்டைப் பெட்டியிலேயே அந்த எண் போட்டிருக்கும்.

அப்புறம், வடக்குப் பார்த்த அறையில் வெயிலே வராது என்பார் புரோக்கர், நம்பாதீர்கள். சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகத்தான் இருக்கும். மேற்கு அறையோ சாயங்காலத்தில் தானே மஞ்சளாகும், அங்கே இன்னும் வெளுப்பானதாகப் பாருங்கள். சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, தரை டைல்ஸ் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்டி, காலை, மாலை, ராத்திரி மூன்று வேளையும் பார்த்த பிறகு பக்கெட் வாங்கினால் போதும்.

ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேண்டாம். நாங்கள் நவம்பர் மழையில் அடித்தோம். பொங்கலுக்குள் பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்து, பட்டி பார்த்த இடமெல்லாம் உரிந்து வந்தது.

இன்னொன்று, காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது இங்கே வழக்கம். நீங்கள் அடித்த செலவை அதில் கழிப்பாரா என்று ஹவுஸ் ஓனரிடம் இப்போதே பேசி, அக்ரிமென்டில் எழுதி வாங்கிவிடுங்கள். எங்கள் ஓனர் வாயால் சரி என்றவர்தான், கடைசியில் முழுசாகப் பிடித்துக்கொண்டார்.