முயல் எத்தனை அடி தூரத்தில்?

கேள்வி: அம்மா, வணக்கம். அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்து, இரண்டு வருடம் முன்பு ஓய்வு பெற்றேன். இளைய மகன் எம்.எஸ்சி. உளவியலில்தான் சேருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். எப்படி வாழ வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லாததையா இந்தப் படிப்பு சொல்லிவிடப் போகிறது? நானும் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் எட்டு வாங்கிப் படித்துவிட்டேன். செல்போனில் மனநலப் பேச்சுகளும் கேட்கிறேன். கேட்கும்போது நன்றாக இருக்கிறது, மறுநாள் பழைய கதைதான். ராத்திரி இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் பொட்டுத் தூக்கம் கிடையாது. எதிலும் மனசு ஒட்டவில்லை.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: ஐயா, வணக்கம். கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்டிருப்பது மகனின் படிப்பைப் பற்றி. என் மனம் கடைசி இரண்டு வரியிலேயே நின்றுவிட்டது. அதற்கு வருகிறேன்.

எப்படி வாழ வேண்டும் என்ற பெரிய கேள்விக்கு உளவியலில் விடை இல்லை. மதுரையில் 26 வருடமாக உளவியலாளராக வேலை பார்க்கிறவள் சொல்கிறேன். யாருக்காக உழைப்பது, எதை விட்டுக்கொடுப்பது, எவ்வளவு இருந்தால் போதும் என்பதையெல்லாம் நீங்கள் சொல்கிற பெரியவர்களிடம்தான் நானும் கேட்டுக்கொள்கிறேன். உளவியல் கைகொடுப்பது சின்னக் கேள்விகளில். பயத்தை விடு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். விடுவதற்கு நாளைக் காலை ஏழு மணிக்கு என்ன செய்ய வேண்டும்? என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் மாட்டிக்கொண்டு நிற்பது இந்த இடத்தில்தான்.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறுவனைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதில் அவன் பெயர் பீட்டர், வயது மூன்றுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். ரோமக் கோட்டு, இறகு, பஞ்சுகூட ஆகாது. குழந்தைகளின் பயத்தைப் போக்க என்னென்ன வழி உண்டோ அத்தனையையும் ஜோன்ஸ் பல பிள்ளைகளிடம் பார்த்திருந்தார். பேசிப் புரியவைப்பது பலிக்கவில்லை. கேலி செய்வதும் பலிக்கவில்லை. தானாக மறந்துவிடும் என்று விட்டுவைத்ததும் உதவவில்லை. பீட்டர் விஷயத்தில் அவர் அளந்தது தூரத்தை. முதலில் அறையின் எந்த மூலையில் முயல் கூண்டு இருந்தாலும் அழுகை. பிறகு 12 அடி தூரத்தில் இருந்தால் தாங்கிக்கொண்டான். அப்புறம் 4 அடி, 3 அடி, பக்கத்திலேயே. பயமில்லாத பிள்ளைகளையும் கூட விளையாட விட்டார்.

நடுவில் பீட்டருக்குக் கடும் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் தடைப்பட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது ஒரு பெரிய நாய் மேலே பாய, பயம் பழையபடி திரும்பிவிட்டது. ஜோன்ஸ் மறுபடி தொடங்கினார். இந்த முறை, பிடித்த தின்பண்டத்தை அவன் தின்றுகொண்டிருக்கும்போது கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்த்தினார். கடைசியில் முயல் தன் விரலைக் கொறிக்கும்வரை விட்டான் பீட்டர்.

என்னை மிகவும் தொட்டது அந்த நாய் வந்த இடம்தான். பழையபடி ஆனதற்காகப் பிள்ளையை யாரும் கோழை என்று சொல்லவில்லை. கூண்டு மறுபடி தூரத்துக்குப் போனது, அவ்வளவுதான்.

2011இல் மழையில் ஸ்கூட்டி வழுக்கி என் மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகும் ஏழு மாதம் வண்டியைத் தொடவில்லை. சாவியை எடுத்தாலே உள்ளங்கை வேர்க்கும். பிறகு ஒருநாள் வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, வண்டிமேல் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். ஒரு வாரம் அதுதான் வேலை. அடுத்து இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தேன். அப்புறம் தெருமுனைப் பால் பூத் வரை. வைகைமேல் உள்ள ஏ.வி. பாலத்தைத் தாண்ட நாற்பது நாளாயிற்று.

உங்கள் எட்டுப் புத்தகங்களுக்கு வருகிறேன். உளவியல் என்ற பெயரில் வருவதெல்லாம் நிலைத்தது அல்ல. 2015இல், முன்பு வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பாதிக்கும் குறைவானவற்றில்தான் பழைய முடிவு கிடைத்தது. மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்த குழந்தை பெரியவனாகி ஜெயிப்பான் என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்களே, அந்தக் கதையும் 2018இல் சுமார் 900 பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது மெலிந்துபோனது. குடும்பச் சூழலையும் கணக்கில் எடுத்தால் மிச்சம் கொஞ்சம்தான். கேட்டதும் சிலிர்க்க வைக்கிற பேச்சை நான் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

இனி உங்கள் இரண்டரை மணி. 31 வருடத்தில் எத்தனை நாள் முதல் நடைக்காக அந்த நேரத்துக்கு எழுந்து டிப்போவுக்கு ஓடியிருப்பீர்கள்? உடம்பு இன்னும் டியூட்டியில் இருக்கிறதோ என்னவோ. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972இல் சொன்ன முறை ஒன்று இருக்கிறது. இன்றும் தூக்கமின்மை சிகிச்சையில் அதை நம்பிப் பயன்படுத்துகிறோம். கண்ணைச் சுழற்றும்போது மட்டும் படுங்கள். விழிப்பு வந்து கால் மணி நேரம் போனதாகத் தோன்றினால் (கடிகாரம் பார்க்க வேண்டாம்) புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்காருங்கள், செல்போன் வேண்டாம். தூக்கம் வந்தால் மட்டும் திரும்புங்கள். எத்தனை மணி தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். பகல் தூக்கம் கூடாது. முதல் வாரம் அசதியாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

மனசு ஒட்டவில்லை என்கிறீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை நூறு முகங்களைப் பார்த்த மனிதர் நீங்கள்! இப்போது நான்கு சுவர். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. கடும் மனச்சோர்வில் இருந்த 495 பேர். சிகிச்சை தந்தவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மக்கள். ஆறு முதல் எட்டு சந்திப்புகள். மனசு சரியாகட்டும் என்று காத்திருக்காமல் முதலில் செயலைத் தொடங்க வைத்தார்கள். மூன்றாம் மாதம் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 39 பேர். ஆகவே, பிடிக்கிறதோ இல்லையோ, தினமும் காலை ஆறரைக்குப் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போய் பழைய சகாக்களோடு அரைமணி நேரம் உட்காருங்கள். அன்று மனசு எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுங்கள்.

சர்க்கரை, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் மனநல உதவி எண்ணான 14416க்கு உடனே போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம்.

மகன் சேரட்டும். எம்.எஸ்சி. முடித்ததும் நேரடியாகச் சிகிச்சை தந்துவிட முடியாது, மேற்கொண்டு பயிற்சியும் பதிவும் வேண்டும் என்பதை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

மூன்று வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள். நோட்டில் என்ன மார்க், இரண்டரை மணிக்கு எழுந்து எந்த அறையில் உட்கார்ந்தீர்கள், எல்லாம் எழுதுங்கள். காத்திருப்பேன்.