சேணம் முதலில் குதிரைக்குப் பொருந்தட்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சில மாதங்களாகக் குதிரையேற்றம் பயின்று வருகிறாள். பயிற்சி நிலையத்திலேயே எல்லாக் கருவிகளும் இருந்தாலும், அவளுக்கென்று தனியாக ஒரு சேணம் வாங்கித் தர விரும்புகிறேன். எத்தகையதை வாங்கலாம்?
– வாசகி, தக்கலை

பதில்: இப்போது சேணம் வேண்டாம் அம்மா. சேணம் என்பது ஒரு குறிப்பிட்ட குதிரையின் முதுகுக்கு ஏற்றபடி அமைய வேண்டிய பொருள். பயிற்சி நிலையத்தில் தங்கள் மகள் இன்று ஒரு குதிரையிலும் அடுத்த வாரம் வேறொரு குதிரையிலும் ஏறுவாள் என்பதால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அந்தப் பணத்தில் முதலில் குதிரையேற்றத்துக்கென்றே செய்யப்பட்ட தலைக்கவசம் ஒன்றை வாங்குங்கள். வீட்டில் இருக்கும் இருசக்கர வாகன ஹெல்மெட் இதற்கு ஈடாகாது. அது கனமானது, வேறு வகை விபத்தை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. இ.என். 1384 அல்லது ஏ.எஸ்.டி.எம். எஃப் 1163 என்ற தர எண் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தாடைப்பட்டையை மாட்டுவதற்கு முன்பே, தலையை அசைத்தால் கவசம் தனியாக ஆடாமல் இருக்க வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசம் வெளியே கீறலின்றித் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கக்கூடும். ஆகவே பிறர் பயன்படுத்திய தலைக்கவசத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள்.

அடுத்தது காலணி. வழுவழுப்பான அடிப்பாகமும் ஏறத்தாழ 2 செ.மீ. உயரக் குதிகாலும் உள்ள, கணுக்காலை மூடும் பூட்ஸ் வேண்டும். குதிகால் இல்லாத கேன்வாஸ் ஷூவில் பாதம், கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் முழுவதுமாக நுழைந்து சிக்கிக்கொள்ளலாம். விழுந்தவரைக் குதிரை இழுத்துச் செல்வது இந்தக் கலையில் மிகக் கொடிய விபத்துகளுள் ஒன்று. அங்கவடியின் உள் அகலம், பூட்ஸின் அகலமான பகுதியைவிடச் சுமார் 2.5 செ.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் சொல்லிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கான அங்கவடியைச் சிறுமியின் காலுக்குக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது. அதைத் தாங்கள் தயங்காமல் சுட்டிக்காட்டலாம்.

கேள்வி: எங்களிடம் இருக்கும் மார்வாரிப் பெண் குதிரைக்காக, பயன்படுத்திய ஆங்கிலபாணித் தோல் சேணம் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினோம். வயிற்றுவாரை இறுக்கும்போது குதிரை காதுகளைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்க வருகிறது. அடியில் இன்னொரு கம்பளி விரிப்பைப் போட்டால் சரியாகுமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

பதில்: சரியாகாது, பெரும்பாலும் கூடுதல் துன்பமே தரும். அளவு பொருந்தாத செருப்புக்குள் தடித்த காலுறை போட்டுக்கொள்வதைப் போன்றது அது. தங்கள் குதிரை முரட்டுத்தனம் செய்வதாக எண்ணாமல், தனக்கு வலிக்கிறது என்று தெரிவிப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சேணத்தின் உள்ளே மரத்தாலோ செயற்கைப் பொருளாலோ ஆன ஒரு சட்டம் உண்டு. ஏறுபவரின் எடையை முதுகெலும்பின் மேல் இறக்காமல், அதன் இரு பக்கத் தசைகளின் மீதும் பரப்பிவிடுவதே அதன் வேலை. பழைய சேணம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்தச் சட்டத்தைத்தான். முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இரு கைகளாலும் பிடித்து உட்புறமாக அழுத்துங்கள். நடுவே மடிந்தாலோ, நறநறவென்று ஒலித்தாலோ சட்டம் உடைந்திருக்கிறது. அதை எந்தக் குதிரைக்கும் போடலாகாது.

சட்டம் நன்றாக இருந்தால், விரிப்பு எதுவும் இல்லாமல் சேணத்தைக் குதிரையின் முதுகில் சற்று முன்னே வைத்து, அது தானாகப் படியும் இடம்வரை பின்னுக்கு நகர்த்துங்கள். தோள்பட்டை எலும்பு தடையின்றி அசைய வேண்டும். பின்பகுதி கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் எலும்பு மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் இடையே, ஆள் ஏறி அமர்ந்த பிறகும், இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். பின்னாலிருந்து குனிந்து பார்த்தால் முதுகெலும்பின் மேல் நீளவாட்டில் வெளிச்சம் தெரிய வேண்டும். மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் பெரும்பாலும் ஒடுங்கிய உடல்வாகு கொண்டவை. அகன்ற முதுகுள்ள ஐரோப்பியக் குதிரைகளுக்காகச் செய்த சேணம் அவற்றின் மேல் முன்பக்கம் தாழ்ந்து அந்த எலும்பு மேட்டிலேயே உட்கார்ந்துவிடும். தங்கள் குதிரைக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஓட்டிவிட்டுச் சேணத்தைக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். இரு பக்கமும் சீராக நனைந்திருந்தால் நல்லது. நனைந்த பரப்பின் நடுவே உலர்ந்த திட்டு இருந்தால், அங்கே அழுத்தம் மிகுந்து வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். முதுகில் புதிதாக வெள்ளை மயிர் முளைத்திருந்தால், அவ்விடம் முன்பே புண்பட்டிருக்கிறது. இவற்றில் ஏதேனும் தெரிந்தால் சவாரியை நிறுத்திவிட்டு, கால்நடை மருத்துவரிடம் முதுகைக் காட்டுங்கள். வயிற்றுவாரையும் ஒரேயடியாக இறுக்காமல், முதலில் தளர்வாகக் கட்டி, சிறிது நடத்திய பின் துளை துளையாக இறுக்கிப் பழக்குங்கள்.

கேள்வி: சொத்தவிளைக் கடற்கரையில் என் குதிரை கடிவாளத்துக்கு அடங்காமல் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. முள் வைத்த வாயிரும்பு போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: கூடவே கூடாது. 1965ஆம் ஆண்டின் பார இழுவை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள், விலங்கைச் செலுத்த முள் வைத்த வாயிரும்பைப் பயன்படுத்துவதைத் தடை செய்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்க, குதிரை வலியிலிருந்து ஓடித் தப்ப முயலும் இயல்புடையது. வாய் வலிக்க வலிக்க இன்னும் வேகமாகவே ஓடும்.

வாயிரும்பு கிடப்பது முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே உள்ள பல்லில்லாத ஈற்றின் மேல். மெல்லிய தோலுக்கு அடியில் அங்கே எலும்புதான் இருக்கிறது. நடுவில் மூட்டுள்ள, வழுவழுப்பான சாதாரண ஸ்னாஃபிள் போதும். இரு பக்கமும் உதட்டுக்கு வெளியே அரை செ.மீ. அளவு நீண்டும், வாயோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் உயரத்திலும் அது இருக்க வேண்டும். மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இவை சரியாக இருந்தும் இழுத்தால், பல் விளிம்புகள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கின்றனவா என்று மருத்துவர் பார்க்கட்டும். அதன் பிறகு, திறந்த கடற்கரைக்குப் போகும் முன், வேலியிட்ட திடலில் நிற்பதற்கும் பக்கம் திரும்புவதற்கும் மறுபடி பழக்குங்கள். உப்புக்காற்றில் முலாம் பூசிய இரும்பு உரிந்து நாக்கை அறுக்கும் என்பதால், நம் கரையோரத்துக்குத் துருப்பிடிக்காத எஃகே ஏற்றது.

கேள்வி: மழைக்காலத்தில் சேணத்தில் பூஞ்சை படிகிறது. தோலை விட்டுச் செயற்கைப் பொருளுக்கு மாறலாமா?
– வாசகர், குலசேகரம்

பதில்: தாராளமாக மாறலாம். இரண்டு பருவமழையும் பெறும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், தண்ணீரில் கழுவி உலர்த்தக்கூடிய, எடை குறைந்த செயற்கைச் சேணம் நல்ல தேர்வே. தோலையே வைத்துக்கொள்வதானால், ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, காற்றோட்டமுள்ள இடத்தில் தாங்கியின் மேல் வையுங்கள். மூடிய அலமாரியும் பாலித்தீன் உறையும் பூஞ்சையை வளர்க்கும். எண்ணெயை மெல்லியதாகவே பூசுங்கள். மிகுந்தால் தோல் தளர்ந்து தையலும் இற்றுப்போகும். வயிற்றுவார் மாட்டும் பட்டைகளிலும் அங்கவடி வார்களிலும் உள்ள தையலை, ஒவ்வொரு முறையும் குதிரை மேல் ஏறுவதற்கு முன் விரலால் இழுத்துப் பாருங்கள்.